மூன்றாவது தரம் சொன்ன பிறகு

ஏலம் என்றதும் மும்பைத் தமிழர்களில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சீட்டுதான். சம்பளம் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் பத்து இருபது பேர் ஒரு வீட்டில் கூடுகிறார்கள். மகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பவர், ஊரில் வீட்டுக்கு ஓடு மாற்ற வேண்டியவர், பையனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியவர் என்று அவரவர் தேவைக்கேற்பத் தள்ளிக் கேட்கிறார்கள். அவசரம் அதிகமுள்ளவர் அதிகம் தள்ளுகிறார். கைக்கு வரும் பணம் அந்த அளவுக்குக் குறைகிறது. ஆனாலும் அவர் ஏமாந்துவிட்டதாக யாரும் சொல்வதில்லை. எவ்வளவு போகிறது, எதற்காகப் போகிறது என்பது அவருக்குக் கணக்காகத் தெரியும்.

ஊர்த் திருவிழாவில் சாமியின் வேலில் குத்திய எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு ஏலம் போவதும் அப்படித்தான். பழத்தின் விலை அதுவல்ல என்பது கேட்பவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். பணம் கோயிலுக்குப் போகிறது, பழம் பூஜை அறைக்குப் போகிறது. வீடு திரும்பும்போது யாரும் தலையில் கை வைத்துக்கொள்வதில்லை.

இன்னொரு வகை ஏலம் உண்டு. பழைய கார், பழைய ஸ்கூட்டர், பழைய மோட்டார் சைக்கிள் ஆகியவற்றைச் சேர்த்து வைத்திருந்த ஒருவரின் சேகரிப்பு மொத்தமாக விலைக்கு வரும் ஏலம். அங்கே தேவையும் இல்லை, வேண்டுதலும் இல்லை. ஆசை ஒன்றுதான் முதல். ஆகவேதான் அங்கே கணக்கு தவறுகிறது. (ஏலம் என்ற சொல்லே போர்த்துக்கீசியர் விட்டுச் சென்றது. மராத்தியர் 'லிலாவ்' என்பதும் இந்திக்காரர் 'நீலாம்' என்பதும் அதே சொல்லின் வேறு உருவங்கள்தாம். மூன்று மொழியிலும் மயக்கம் ஒன்றே.)

இது கோடீஸ்வரர் விளையாட்டு, குமாஸ்தாவுக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். அந்தக் காலம் போய்விட்டது. பெஸ்ட் நிறுவனத்தின் பழைய டீசல் இரட்டை மாடி பஸ் 2023 செப்டம்பர் 15 அன்று கடைசியாக ஓடியது. அடுத்த மாதமே பத்மினி டாக்சிகள் விடைபெற்றன. கடைசி பத்மினி டாக்சி டார்தேவ் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 2003 அக்டோபர் 29 அன்று பதிவான வண்டி. டாக்சிகளுக்கு உள்ள 20 ஆண்டு வரம்பு அதோடு முடிந்தது. குர்லாவில் தயாரான பத்மினி, பாண்டுப்பில் தயாரான லாம்பிரெட்டா, மைசூரிலிருந்து வந்த ஜாவாவும் யெஸ்டியும் நேற்றுவரை சந்து முனையில் மழையில் நனைந்துகொண்டிருந்தவை. இன்று அவற்றுக்கு 'விண்டேஜ்' என்றும் 'கிளாசிக்' என்றும் பட்டம் சூட்டி, பளபளப்பான படம் போட்டு, கைபேசியிலேயே விலை கேட்கச் சொல்கிறார்கள். இளமையில் அந்த வண்டியின் பின் இருக்கையில்கூட உட்கார வாய்ப்பில்லாதவர் ஓய்வுக்காலப் பணம் வந்த கையோடு விலை கேட்கத் துணிகிறார். அந்த ஆசையில் குற்றமில்லை. அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தெரிந்துகொள்ள, அமெரிக்காவில் 2013ல் நடந்த ஓர் ஏலத்தைப் பார்ப்பது நல்லது. அங்கே விலைக்கு வந்தவை ராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸ் அல்ல. நடுத்தர மக்கள் வாங்கும் செவர்லே கார்களும் சரக்கு ஏற்றும் பிக்கப் வண்டிகளுமே.

பியர்ஸ் ஊரில் இரண்டு நாள்

நெப்ராஸ்கா மாநிலத்தில் பியர்ஸ் என்பது இரண்டாயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர். அங்கே ரே லாம்பிரெக்டும் அவர் மனைவி மில்ட்ரெடும் 1946 முதல் 1996 வரை, அரை நூற்றாண்டு காலம், செவர்லே விற்பனை நிலையம் நடத்தினார்கள். பேரம் பேசுவது ரேக்குப் பிடிக்காது. தம்மால் முடிந்த விலையை முதலிலேயே சொல்லிவிடுவார். புது வண்டி வாங்குபவர் விட்டுச் செல்லும் பழைய வண்டியைத் தட்டிக்கொட்டி மறுபடி விற்பதிலும் அவருக்கு நாட்டமில்லை. ஊருக்கு வெளியே தம் நிலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். அந்த ஆண்டு விற்காமல் தங்கிய புது வண்டியையும் மலிவாகத் தள்ளிவிட மனமின்றி எடுத்து வைத்துக்கொண்டார். எல்லா வியாபாரிகளும் செய்வதற்கு நேர்மாறான காரியம்!

இப்படிச் சேர்ந்தவை ஏறத்தாழ 500 வண்டிகள். வெளியில் நின்றவற்றுக்கு நடுவே மரங்கள் முளைத்து உயர்ந்தன. உள்ளே வைத்தவற்றுக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை. பனியின் பாரம் தாங்காமல் ஒரு கட்டடத்தின் கூரையே சரிந்தது.

2013 செப்டம்பர் 28, 29 ஆகிய இரு நாட்கள் ஏலம் நடந்தது. பத்தாயிரம் பேருக்கு மேல் திரண்டார்கள். ஊர் ஜனத்தொகையைப்போல ஐந்து மடங்குக்கு மேல். தேரோட்டத்துக்குக் கூடுவதுபோலக் கூடிய அந்தக் கூட்டம் போதாதென்று, வெளியூரிலிருந்து கம்ப்யூட்டர் மூலம் கேட்டவர்கள் வேறு. தொலைக்காட்சியும் வந்திறங்கியது. வண்டிகள் மேல் படிந்திருந்த தூசியைக்கூடப் பலவற்றில் துடைக்காமல் விட்டிருந்தார்கள். விற்பவருக்குத் தெரியும், அங்கே தூசியும் சேர்ந்துதான் சரக்கு.

1958ஆம் ஆண்டு செவர்லே கேமியோ பிக்கப் ஒன்று ஓடியிருந்த தூரம் 1.3 மைல். அதாவது இரண்டு கிலோமீட்டர் சொச்சம். தாதரில் ஏறி மாட்டுங்காவில் இறங்கும் தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். அது 1,40,000 டாலருக்குப் போயிற்று. அன்றைய மதிப்பில் சுமார் 87 லட்சம் ரூபாய். 11 மைல் ஓடிய 1963ஆம் ஆண்டு இம்பாலா கார் 97,500 டாலர். எல்லாம் சேர்ந்து 28 லட்சம் டாலர் அளவுக்கு விற்பனை. பேரமே பேசாத மனிதர் விற்காமல் விட்ட சரக்குக்குப் பேரம்பேசிப் பேரம்பேசி ஏறிய விலை இது.

ஒரு விரல் அசைவு

அந்த நேரத்து இன்பம் பொய் என்று சொல்லிவிட முடியாது. சுத்தியலைப் பிடித்தவர் மூச்சு விடாமல் ஒரு மெட்டில் எண்களை அடுக்கிக்கொண்டே போகிறார். அவருடைய ஆட்கள் கூட்டத்துக்குள் நுழைந்து, தயங்குகிறவர் முகத்துக்கு நேரே நின்று உற்சாகப்படுத்துகிறார்கள். நூறு தலைகள் திரும்பிப் பார்க்கின்றன. வாழ்நாள் முழுவதும் மேலதிகாரியின் கையெழுத்துக்கும் லீவு உத்தரவுக்கும் பதவி உயர்வுப் பட்டியலுக்கும் காத்திருந்த ஒருவருக்கு, ஒரு கூடமே தம் விரல் அசைவுக்குக் காத்திருக்கும் அந்த ஒரு நிமிஷம் சாமான்யமானதா? வண்டியைவிட அந்த நிமிஷத்துக்காகவே கேட்பவர்கள் உண்டு.

இந்த இடத்தில்தான் கணக்கு நழுவுகிறது. வீட்டில் இருக்கும்போது 'அறுபதாயிரம் ரூபாய் அதிகமா, குறைவா' என்று யோசித்தவர், கூடத்தில் அப்படி யோசிப்பதில்லை. அறுபதாயிரம் வரை வந்தாகிவிட்டது, இன்னும் இரண்டாயிரம்தானே என்று யோசிக்கிறார். அறுபத்திரண்டில் நிற்கும்போதும் அதே இரண்டாயிரம்தான் கண்ணில் படுகிறது. முழுத்தொகை பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது. எதிர்ப்பக்கம் கேட்பவரின் முகம் மட்டும் தெரிகிறது. அதற்குப் பிறகு ஏறுவது விலை அல்ல, வீம்பு. கைபேசி ஏலத்தில் எதிராளியின் முகம்கூட இல்லை. ஒரு எண்ணும், குறைந்துகொண்டே வரும் விநாடிகளும் மட்டுமே. அது இன்னும் மோசம். கூடத்திலாவது பக்கத்தில் இருக்கும் மைத்துனர் சட்டையைப் பிடித்து இழுப்பார்.

தோற்றவருக்கும் வருத்தம் உண்டு. 'இன்னும் ஒரு தடவை கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்' என்று பத்து வருஷம் சொல்லிக்கொண்டிருப்பார். எதிராளியின் மடியில் இன்னும் எத்தனை தடவைக்குப் பணம் இருந்தது என்பது அவருக்குத் தெரிவதில்லை. ஆனால் அந்த வருத்தத்துக்கு வாடகை கிடையாது, பெட்ரோல் கிடையாது, மெக்கானிக் கிடையாது. ஜெயித்தவரின் வருத்தம் அப்படியல்ல. அது ரசீதோடு வருகிறது.

பியர்ஸ் பிக்கப் வண்டியையே பார்க்கலாம். விலை கொடுத்தவர் வாங்கியது உண்மையில் மீட்டரில் இருந்த அந்த 1.3 என்ற எண்ணைத்தான். கடைவீதிக்கு ஒருமுறை ஓட்டிவிட்டு வந்தால் எண் மாறிவிடும், விலையும் மாறிவிடும். சரி, ஓட்டாமல் வைக்கலாமா? ஓட்டாத வண்டி கெடாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. டாங்கியில் நின்ற பெட்ரோல் பிசினாகிவிடும். ரப்பர் வளையங்கள் இறுகி வெடிக்கும். டயர் பிளந்துவிடும். பிரேக் குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும். பழுது பார்த்துப் புது பெயிண்ட் அடித்தாலோ, 'அசல் நிலை' போயிற்று என்று அடுத்தவர் விலையைக் குறைப்பார். ஓட்டவும் முடியாமல் சும்மா வைக்கவும் முடியாமல், பெரும் பணம் கொடுத்து ஒரு காவல்காரர் வேலையைத் தேடிக்கொண்டது போலத்தான்.

பலாப்பழக் கணக்கு

வென்றவர் வருந்துவதற்கு மனப் பலவீனம் மட்டும் காரணம் அல்ல. கணக்கிலேயே ஒரு பொறி இருக்கிறது. இருபது பேர் முன்னால் ஒரு பலாப்பழத்தை வைத்து, உள்ளே எத்தனை சுளை என்று ஊகித்து விலை கேட்கச் சொன்னால் என்ன ஆகும்? சிலர் குறைவாக ஊகிப்பார்கள், சிலர் அதிகமாக. இருபது ஊகங்களின் சராசரி உண்மைக்குப் பக்கத்தில் இருந்தாலும் இருக்கும். ஆனால் பழம் சராசரிக்காரருக்குப் போவதில்லை, எல்லோரையும்விட அதிகமாக ஊகித்தவருக்கே போகிறது. ஆக, ஜெயித்தார் என்பதே அவர் அதிகமாக மதிப்பிட்டுவிட்டார் என்பதற்கு ஓர் அடையாளம்.

மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் உரிமைக்கு நடந்த ஏலங்களைப் பார்த்து இதைக் கண்டறிந்து எழுதியவர்கள் ஓர் எண்ணெய்க் கம்பெனியின் மூன்று எஞ்சினியர்கள். ஆண்டு 1971. கடலுக்கடியில் எவ்வளவு எண்ணெய் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. பெயிண்டுக்கு அடியில் எவ்வளவு துரு என்பதும் அதே கதைதான். 2020ல் ஏலக் கணக்குக்காகவே நோபல் பரிசு பெற்ற இருவரில் ஒருவரான ராபர்ட் வில்சன், விவரம் தெரிந்தவர் ஏன் தம் சொந்த மதிப்பீட்டுக்கும் கீழேயே விலை கேட்கிறார் என்பதை விளக்கிக் காட்டினார். அதாவது, கூட்டம் பெருகப் பெருகக் கையை இறுக்க வேண்டும். நடப்பதோ நேர்மாறு. 'இத்தனை பேர் கேட்கிறார்களே, வண்டி நல்லதாகத்தான் இருக்கும்' என்று கை தளர்கிறது.

சுத்தியல் விலையோடு செலவு முடிவதும் இல்லை. 1975ல் லண்டனில் கிறிஸ்டீஸ், சதபீஸ் என்ற இரு பெரிய ஏல நிறுவனங்களும் விற்பவரிடம் மட்டுமன்றி வாங்குபவரிடமும் 10 சதவீதம் தரகு வாங்கத் தொடங்கின. இன்று அந்த வழக்கம் உலகெங்கும் பரவிவிட்டது. அறுபதாயிரத்துக்கு ஒரு பழைய ஸ்கூட்டர் படிந்தது என்று வைத்துக்கொண்டால், அதே விகிதத்தில் தரகு ஆறாயிரம், அதன் மேல் வரி, டெம்போ வாடகை, கார்புரேட்டர், டயர், பேட்டரி என்று ஏறிக்கொண்டே போகும். கேட்கும்போது இவை எதுவும் யார் காதிலும் விழுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

ஏலத்தில் கலந்துகொள்பவருக்குச் சட்டம் தந்திருக்கும் பாதுகாப்பை நம்மவர்களில் அநேகர் அறிந்திருப்பதில்லை. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவு ஏலத்துக்கென்றே உள்ளது. சுத்தியல் விழும் வரை, அல்லது வழக்கப்படி மூன்றாவது தரம் சொல்லி முடிக்கும் வரை, கேட்ட விலையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். விற்பவர் தாமும் விலை கேட்கும் உரிமையை வெளிப்படையாக முன்கூட்டியே அறிவிக்காமல், தாமோ தம் ஆளை வைத்தோ விலையை ஏற்றிவிட்டால் அந்த விற்பனை மோசடி என்று கொள்ள வாங்கியவருக்கு உரிமை உண்டு. பொய்யாக விலையேற்றியது தெரிந்தால் விற்பனையை ரத்து செய்யவும் கோரலாம். நிரூபிப்பது எளிதல்ல என்பது வேறு விஷயம். முன்பணம் கட்டிக் கலந்துகொள்ளும் அரசு ஏலங்களில் பின்வாங்கினால் அந்தப் பணம் போய்விடும் என்ற நிபந்தனையும் இருக்கும். அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

அரசு நடத்தும் பொது ஏலத்தில் வண்டி எடுத்தவர், வண்டி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் 32ஆம் படிவத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 57ஆம் விதி இது. ஏலம் உறுதியான உத்தரவும் கூடவே வேண்டும். அது இல்லாவிட்டால் வண்டி தெருவில் நிற்கும் இரும்புதான்.

'விண்டேஜ்' என்ற பட்டத்துக்கும் சட்டத்தில் அளவு உண்டு. 2021 ஜூலையில் வந்த விதிப்படி, முதல் பதிவு நடந்து 50 ஆண்டுகள் நிறைந்திருக்க வேண்டும். எஞ்சின், சேஸிஸ், உடற்கூடு ஆகியவற்றில் பெரிய மாறுதல் செய்திருக்கக் கூடாது. புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். எண் பலகையில் மாநில எழுத்துகளுக்குப் பிறகு 'வி.ஏ.' என்று வரும். இவ்வளவும் செய்த பிறகு ஆபீசுக்கு அதில் போய் வரலாம் என்று யாராவது நினைத்தால் ஏமாற்றம்தான். கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, பழுது பார்ப்பது, பெட்ரோல் போடுவது போன்ற காரியங்களுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். தினசரி உபயோகத்துக்கும் வாடகைக்கும் அனுமதி இல்லை. ஐம்பது ஆண்டு நிறையாத பத்மினிக்கு இந்தப் பட்டமே கிடையாது. விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது 15 ஆண்டு கடந்த பழைய கார். தகுதிச் சோதனை, பதிவுப் புதுப்பிப்பு, பசுமை வரி எல்லாம் கட்டத்தான் வேண்டும். முன்பு டாக்சியாக ஓடியதென்றால், தனியார் வண்டியாக முறைப்படி மாற்றினார்களா என்பதையும் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் வாங்குபவர் தலையிலேயே கட்டுவது நியாயமாகப் படவில்லை. 'உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்தில்' என்ற ஒரு வரியை அறிவிப்பின் அடியில் போட்டுவிட்டுப் பொறுப்பைக் கழற்றிவிடும் வழக்கம் அரசு ஏலங்களிலும் இருக்கிறது, தனியார் ஏலங்களிலும் இருக்கிறது. வண்டியை நேரில் பார்க்க ஒரு நாள், அதுவும் வேலை நாளில். மில் தொழிலாளியும் குமாஸ்தாவும் அரை நாள் சம்பளத்தை இழந்து போய்ப் பார்க்க முடியாமல் படத்தை நம்பிக் கேட்கிறார்கள். வியாபாரிகளோ தங்கள் மெக்கானிக்கோடு வந்து அடியில் படுத்துப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஒரே கூடத்தில் ஒருவருக்குக் கண் திறந்திருக்கிறது, இன்னொருவருக்குக் கட்டியிருக்கிறது.

பார்வையிடும் நாளை ஞாயிற்றுக்கிழமையில் வைக்கலாம். பதிவுப் புத்தகம் இருக்கிறதா இல்லையா, எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் அதோடு ஒத்துப்போகின்றனவா, வரி பாக்கி எவ்வளவு, கடன் அடமானம் ஏதும் உண்டா என்பதை ஒவ்வொரு வண்டிக்கும் நேரே எழுதலாம். விலை கேட்கும் திரையில் சுத்தியல் விலைக்குப் பக்கத்திலேயே தரகும் வரியும் சேர்ந்த முழுத்தொகையைக் காட்டலாம். இரண்டாயிரம் ஏற்றும்போது முழுக் கணக்கும் கண்ணெதிரே ஏறட்டும். வண்டி விற்பவருக்கு இதனால் நஷ்டம் வரும் என்றால், அந்த நஷ்டத்தை இதுவரை யார் சுமந்துகொண்டிருந்தார்கள் என்று கேட்க வேண்டியிருக்கும். போலீஸ் நிலைய வளாகங்களிலும் அரசு அலுவலகக் கொட்டகைகளிலும் நிற்கும் வண்டிகளுக்கான அடுத்த ஏல அறிவிப்பிலேயே இதைத் தொடங்கலாம். அச்சில் கூடுதலாக நான்கு வரிகள், அவ்வளவுதான்.